கரீபியன் கவிதை மாலை: முதல் தடவை போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் தெற்கு லண்டனில் குடியேறிப் பல வருடங்கள் ஆகின்றன. பக்கத்துப் பேட்டை பிரிக்ஸ்டன். ஜமைக்கா, டிரினிடாட், கயானா, பார்படோஸ் என்று கரீபியப் பகுதியிலிருந்து வந்தவர்கள் வேர்விட்ட இடம். அங்கே நூலக அறையிலும் தேவாலயக் கூடத்திலும் மதுக்கடை மாடியிலும் நடக்கும் கவிதை மாலைகளுக்கு முடிந்தபோதெல்லாம் போய்விடுவேன். தமிழ் நண்பர்களையும் கையோடு அழைத்துப்போவேன். வருவதற்கு முன் அவர்கள் கேட்டவை, வந்து பார்த்த பிறகு கேட்டவை, இரண்டுக்குமான பதில்கள் இவை.

அங்கே என்னதான் நடக்கும்?

ஏழு மணி என்று போட்டிருந்தால் ஏழரைக்குத் தொடங்கும். முதலில் திறந்த மேடை. வாசலில் பெயர் கொடுத்தவர்கள் ஆளுக்கொரு கவிதை சொல்வார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை வரும், ஓய்வு பெற்ற நர்ஸ் வருவார், பஸ் ஓட்டுநர் வருவார். இடைவேளைக்குப் பிறகு அழைக்கப்பட்ட கவிஞர்கள் இரண்டு மூன்று பேர், ஆளுக்கு இருபது நிமிடம் போல. சில இரவுகளில் ஒரு கை மேளமும் பேஸ் கிட்டாரும் கூட இருக்கும். பத்து மணிக்கு முடிந்துவிடும். கூட்டம் கலையப் பதினொன்று ஆகும்.

ஒரு தடவை கவிஞர் ஒருவர் தொடங்கிய நிமிடத்தில் ஒலிபெருக்கி நின்றுபோனது. அந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். மைக்கைத் தாங்கியில் மாட்டிவிட்டு மேடையிலிருந்து இறங்கி, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே வந்து நின்றார். மரத்தரை. இடது காலால் ஒரு தட்டு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு தட்டு. அந்தத் தட்டின் மேல் கவிதையை ஏற்றினார். மூன்றாவது பத்தி வருவதற்குள் கூடத்தில் பாதிப் பேரின் கால் அவரோடு சேர்ந்துகொண்டது. ஒலிபெருக்கியைச் சரிசெய்தவர் அதை மறுபடி போடாமல் அப்படியே சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்தக் கவிதை எதில் உயிர்வாழ்கிறது என்று எனக்குப் பிடிபட்டது அன்றைக்குத்தான்.

நம் கவியரங்கம் மாதிரியா?

கொஞ்சம். கவியரங்கத்தைப் போலவே ஒரு அடி பிடித்துவிட்டால் அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். ஆனால் தலைப்பு கிடையாது, தலைமைக் கவிஞர் கிடையாது. என் கண்ணுக்கு இது வில்லுப்பாட்டுக்குத்தான் ரொம்ப நெருக்கம். கதை, பேச்சு, பாட்டு மூன்றும் ஒரே வாயில் மாறி மாறி வரும். நடுநடுவே ‘ஆமா’ போடும் பக்கப்பாட்டு வேலையைக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

அவர்கள் பேசும் ஆங்கிலம் எனக்குப் புரியுமா?

முதல் பத்து நிமிடம் பாதிதான் புரியும். கவலை வேண்டாம், அதை ஆங்கிலம் என்று நினைத்துக் கேட்பதால் வரும் தடுமாற்றம் அது. ஜமைக்காக்காரர்கள் பேசுவது பாட்வா. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க மக்களின் மொழிகளும் கரும்புத் தோட்ட முதலாளிகளின் ஆங்கிலமும் உரசி உரசிப் பிறந்த மொழி. அதற்குத் தனி இலக்கணம் உண்டு.

சில சொற்களைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘நீ’க்கும் ‘நீங்கள் எல்லோரும்’ என்பதற்கும் ஒரே சொல். பாட்வாவில் பலருக்கு ‘உனு’ என்று தனிச்சொல் இருக்கிறது. நைஜீரியாவின் இக்போ மொழியிலிருந்து வந்தது. சாப்பிடுவது ‘நியாம்’. குழந்தை ‘பிக்னி’, அது போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது. அப்புறம் இரட்டைக்கிளவி! கலைந்து கிடக்கும் அறை ‘சாக்கா சாக்கா’. சேறும் சகதியுமாக இருந்தால் ‘பொட்டோ பொட்டோ’. சளசள, கொழகொழ என்று பேசி வளர்ந்த நமக்கு இதற்கு அகராதி தேவையில்லை, காதே சொல்லிவிடும்.

தீவுக்குத் தீவு பேச்சு மாறும். பார்படோஸ் பேச்சு ஒரு மாதிரி, டிரினிடாட் பேச்சு இன்னொரு மாதிரி, செயின்ட் லூசியாவில் பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரெயோல் என்ற கலப்பு மொழி. திருநெல்வேலிக்காரர் பேசுவதையும் யாழ்ப்பாணத்துக்காரர் பேசுவதையும் காதால் பிரித்தறியும் நமக்கு இந்த வித்தியாசங்களும் சீக்கிரம் பழகிவிடும்.

பேச்சுவழக்கில் எழுதுவதில் அப்படி என்ன பெருமை? பள்ளிக்கூட ஆங்கிலத்தில் எழுதினால் என்ன?

இதற்குப் பதில் சொல்ல லூயிஸ் பென்னட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜமைக்காவில் யாரும் முழுப் பெயர் சொல்வதில்லை. மிஸ் லூ என்றால் போதும். 1919இல் கிங்ஸ்டனில் பிறந்தவர். சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒருநாள் நன்றாக உடுத்திக்கொண்டு டிராம் வண்டியில் ஏறினார். கூடைகளோடு வரும் சந்தைப் பெண்களுக்கு அந்த வண்டியில் பின்பக்க இருக்கைகள்தான். உட்கார இடம் தேடி வரும் இந்தப் பெண்ணைப் பார்த்ததும் ஒரு சந்தைக்காரி தன் தோழியிடம், கொஞ்சம் பரத்தி உட்கார், நன்றாக உடுத்திய ஒருத்தி நம் பக்கத்து இடத்தைக் கண் வைக்கிறாள் என்று பாட்வாவில் சொன்னாள். அந்தப் பேச்சின் துடிப்பு மிஸ் லூவைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து ஒரு கவிதை பிறந்தது. அதற்கு முன்பு அவர் எழுதியதெல்லாம் பள்ளிக்கூட ஆங்கிலத்தில்.

அந்தக் காலத்தில் வகுப்பில் பாட்வா பேசினால் திட்டு விழும். படித்தவர்கள் அதை உடைந்த ஆங்கிலம் என்றார்கள். மிஸ் லூ 1940களில் கிளீனர் நாளிதழில் வாரந்தோறும் பாட்வாக் கவிதை எழுதினார். லண்டனின் ராயல் நாடகப் பள்ளியில் உதவித்தொகையில் படித்துவிட்டு ஊர் திரும்பி, நாட்டுப்புறப் பாடல்களும் கதைகளும் சேகரித்தார். 1970 முதல் 1982 வரை தொலைக்காட்சியில் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தினார். ஒரு தலைமுறைக்கே தன் வீட்டுப் பேச்சின் மேல் இருந்த கூச்சம் அவரால் போயிற்று.

பேச்சுவழக்கைக் கொன்றுபோடுவேன் என்று கிளம்பிய ஒருவனைப் பார்த்து அவர் கேள்வி கேட்பதாக ஒரு கவிதை உண்டு. ஜமைக்காவின் வழக்கை மட்டும்தான் கொல்வாயா, இங்கிலாந்தின் வட்டார வழக்குகளையும் சேர்த்தா? அப்படியானால் கவிஞர்கள் சாசரையும் பர்ன்ஸையும் ஷேக்ஸ்பியரில் நிறையப் பக்கங்களையும் கிழித்தெறிய வேண்டியிருக்குமே, தயாரா? இதைச் சிரிக்கச் சிரிக்கக் கேட்பார். வீட்டில் ஒரு தமிழ், மேடையில் ஒரு தமிழ் என்று வளர்ந்தவர்கள் நாம். கொச்சை என்று சொல்லி வாயை அடைத்த வாத்தியாரை நம்மில் பலருக்கும் தெரியும். அதனால்தான் இந்தக் கவிதை என் நெஞ்சுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

மிஸ் லூ 2006இல் டொராண்டோவில் இறந்தார். உடலைக் கிங்ஸ்டனுக்குக் கொண்டுவந்து தேசிய வீரர்கள் பூங்காவில் அடக்கம் செய்தார்கள். டொராண்டோவின் ஏரிக்கரைக் கலை மையத்தில் அவர் பெயரில் ஒரு அறை இருக்கிறது. அங்கே வாழும் தமிழர்கள் பிள்ளைகளோடு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

யாரோ ‘தேச மொழி’ என்று மேடையில் சொன்னார்கள். அது என்ன?

பார்படோஸ் கவிஞர் கமாவ் பிராத்வெயிட் தந்த பெயர். வழக்கு, கொச்சை என்ற சொற்களில் ஒட்டியிருக்கும் இளக்காரத்தை உதறுவதற்காக அவர் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தார். ஆங்கில யாப்பின் ஐஞ்சீர் நடை இங்கிலாந்தின் தட்பவெப்பத்துக்குப் பொருந்தும். சூறாவளி அந்தச் சீரில் உறுமுவதில்லை என்பது அவர் வாதம். பனி விழுவதைப் பற்றிப் பள்ளியில் மனப்பாடம் செய்த பிள்ளைக்குத் தன் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன காற்றை எழுத நடை கிடைக்கவில்லை என்றார். 1930இல் பிறந்தவர், 2020இல் மறைந்தார். 1966இல் லண்டனில் ஜான் லா ரோஸ், ஆண்ட்ரூ சால்கி இருவரோடும் சேர்ந்து கரீபியக் கலைஞர்கள் இயக்கத்தைத் தொடங்கியவர். இன்றைக்கு நாம் போகும் மாலைகளுக்கு அந்த இயக்கத்தின் வாசிப்புக் கூட்டங்கள் ஒரு தொடக்கம்.

டப் கவிதை என்றால் என்ன?

‘டப்’ இசைத்தட்டு உலகத்துச் சொல். 1970களில் கிங்ஸ்டன் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒரு ரெகே பாட்டின் குரலை எடுத்துவிட்டு, மேளத்தையும் பேஸையும் மட்டும் முன்னுக்குக் கொண்டுவந்து, இசைத்தட்டின் மறுபக்கத்தில் போட்டார்கள். தெருமுனைகளில் ஆள் உயர ஒலிபெருக்கி அடுக்கி அதைப் போடும்போது ஒருவர் மைக்கைப் பிடித்து அதன்மேல் பேசுவார். அந்தப் பேச்சின் பக்கத்து வீடுதான் டப் கவிதை. வித்தியாசம் இதுதான்: தெருமுனைப் பேச்சுக்காரருக்குத் தாளம் வெளியிலிருந்து வருகிறது. டப் கவிஞர் எழுதும்போதே பேஸின் நடையைச் சொல்லுக்குள் வைத்துவிடுகிறார். வாத்தியம் எதுவும் இல்லாமல் வாசித்தாலும் உங்களுக்குப் பேஸ் கேட்கும்.

இதில் முதல் பெயர் லிண்டன் குவெசி ஜான்சன். 1952இல் ஜமைக்கா கிராமத்தில் பிறந்து 1963இல் பதினொரு வயதில் பிரிக்ஸ்டனுக்கு வந்தவர். தொப்பி, மெல்லிய கண்ணாடி, கோட்டு என்று ஒரு பள்ளி ஆசிரியர் போல வந்து நிற்பார். கை ஆட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். 2002இல் பெங்குயின் நவீனச் செவ்வியல் வரிசையில் அவர் கவிதைகள் வந்தன. உயிரோடு இருக்கும்போதே அந்த வரிசையில் இடம்பெற்ற இரண்டாவது கவிஞர் அவர்.

அவருடைய ஒரு கவிதையை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 1979இல் இசையோடு வெளிவந்தது. பிரிக்ஸ்டன் சிறையிலிருந்து ஒரு மகன் ஜமைக்காவில் இருக்கும் அம்மாவுக்கு எழுதும் கடிதம். சிறையின் முகவரியிலிருந்தே தொடங்கும். நலம் விசாரிப்பு முறையாக வரும். அப்புறம்தான் விஷயம். தம்பி ஜிம்மைப் பார்த்துக்கொள் என்று நீ சொல்லி அனுப்பினாய், நானும் முடிந்த மட்டும் பார்த்துக்கொண்டேன், ஆனால் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்கிறான். சாயங்கால நெரிசலில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது போலீஸ் வண்டி வந்து நின்றது; மூன்று பேர் இறங்கினார்கள்; தம்பியை அடித்தார்கள். பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாமல் இவன் திருப்பி அடித்தான். கடிதத்தின் முடிவில்தான் ஒரு போலீஸ்காரர் இறந்துபோனதும் இவன்மேல் கொலைக் குற்றம் சுமத்தப்பட்டதும் தெரியவரும். அம்மா, மனசைத் தளரவிடாதே என்று முடித்து மகன் கையெழுத்துப் போடுகிறான்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1824ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டத்தில் ஒரு பிரிவு, சந்தேகத்துக்கிடமாக நிற்கிறான் என்று தோன்றினாலே ஒருவரைக் கைதுசெய்ய இடம் கொடுத்தது. அதைக் கறுப்பின இளைஞர்கள் மேல் கண்டபடி பிரயோகித்தார்கள். 1981இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. கடிதம் எழுதுவது போன்ற எளிய வடிவத்தில் ஒரு சட்டத்தின் கொடுமையை முழுக்க வைத்துவிட்ட இந்தக் கவிதையை நான் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அம்மா என்று அவர் விளிக்கும் இடத்தில் இன்றைக்கும் கண் கலங்கும்.

ஜமைக்காவிலேயே இருந்த டப் கவிஞர்களில் ஓகு ஒனுவோரா சிறைக்குள் இருந்தபோது கவிதை எழுதத் தொடங்கினார். முட்டாபரூகா வெறுங்காலோடு மேடையேறுவார். மைக்கேல் ஸ்மித் என்ற இளைஞர், என்னால் நம்பவே முடியவில்லை என்ற பொருள்படும் பாட்வாத் தொடரைப் பல்லவி போல வைத்து ஏழைகளின் ஒரு நாளைச் சொன்னார். 1983 ஆகஸ்டில் ஒரு அரசியல் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டார். மறுநாள் தெருவில் கல்லால் அடித்துக் கொல்லப்பட்டார். வயது 28. அவர் பெயரை மேடையில் சொல்லும்போது பெரியவர்கள் எழுந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நீங்களும் எழுந்து நில்லுங்கள்.

நியூ கிராஸ் என்றதும் எல்லோரும் அமைதியாகிவிட்டார்களே, ஏன்?

1981 ஜனவரி 18 அதிகாலை. தெற்கு லண்டனில் நியூ கிராஸ் சாலையில் ஒரு வீட்டில் பிறந்தநாள் விருந்து. தீப்பிடித்ததில் 13 பேர் இறந்தார்கள், எல்லோரும் இளம் வயதுப் பிள்ளைகள். இரண்டு தடவை மரண விசாரணை நடந்தும் காரணம் இன்னதென்று முடிவு சொல்லாமல் தீர்ப்பு திறந்தே விடப்பட்டது. அந்தப் பிள்ளைகளுக்காக மார்ச் 2ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் லண்டன் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். ஜான்சன் அப்போதே அதைப் பாடினார். பல வருடம் கழித்து ஜே பெர்னார்ட் என்ற அடுத்த தலைமுறைக் கவிஞர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து அந்தத் தாள்களைப் படித்து ஒரு கவிதை வரிசையே எழுதி மேடையேற்றினார். கூடத்தில் உங்கள் பக்கத்தில் இருப்பவர் அந்தப் பிள்ளைகளில் ஒருவரோடு பள்ளிக்குப் போனவராக இருக்கலாம்.

எல்லாமே போராட்டக் கவிதைதானா? கொஞ்சம் சிரிக்கவும் முடியுமா?

நிறையச் சிரிப்பீர்கள். கயானாவில் பிறந்த கிரேஸ் நிக்கல்ஸ் ஒரு குண்டான கறுப்புப் பெண்ணை நாயகியாக்கி ஒரு தொகுப்பே எழுதினார். ஒல்லியாக இருப்பதுதான் அழகு என்பவர்களை அவள் கண்டுகொள்வதே இல்லை, குளியல் தொட்டியில் நிம்மதியாகக் கிடக்கிறாள். அவருடைய துணைவர் ஜான் அகார்ட் மேடையில் பாதி நடிகர். இருவரும் அரச தங்கப்பதக்கம் பெற்றவர்கள். அகார்ட் 2012க்கும், நிக்கல்ஸ் 2021க்கும்.

சிரிப்புக்கும் வலிக்கும் நடுவே ஜீன் பிண்டா பிரீஸ். ஆண்கள் நிறைந்திருந்த டப் மேடையில் முதலில் ஏறிய பெண்களில் ஒருவர். கிங்ஸ்டன் தெருவில் அலையும் மனநலம் குன்றிய ஒருத்தியின் குரலில் ஒரு கவிதை எழுதினார். அவள் தலைக்குள் ஒரு ரேடியோ பாடிக்கொண்டே இருக்கிறது. மருத்துவரும் வீட்டுக்காரரும் அதைப் பிடுங்கப் பார்க்கிறார்கள். அவளுக்கோ அது ஒன்றுதான் துணை. கிராமத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று கெஞ்சுகிறாள். பேச்சாக வரும் கவிதை ரேடியோ வரும் இடத்தில் மட்டும் பாட்டாகிவிடும். தனக்கு மனச்சிதைவு நோய் இருப்பதைப் பிரீஸ் மறைத்ததில்லை. 2021இல் காலமானார். பதிவில் கேட்டாலே உடம்பு சிலிர்க்கும். நேரில் கேட்டவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

மேடையிலிருந்து ஏதோ கத்துகிறார்கள், கூட்டமும் பதிலுக்குக் கத்துகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதிலுக்குக் கத்துங்கள். ‘கிரிக்?’ என்று கதை சொல்பவர் கேட்டால் ‘கிராக்!’ என்று கூட்டம் சொல்ல வேண்டும். ஹைட்டி, மார்டினிக் முதல் பல தீவுகளில் இரவில் கதை சொல்லும்போது இருக்கும் பழைய வழக்கம். கேட்கத் தயாரா, தயார் என்று பொருள். குரல் மந்தமாக இருந்தால் மறுபடி கேட்பார். அவருக்குத் திருப்தியாகும் வரை கதை தொடங்காது.

கவிதையின் ஒரு அடி உள்ளே இறங்கிவிட்டால் ‘ம்ம்’ என்று உறுமலாம், மேசையைத் தட்டலாம். ரொம்பப் பிடித்துவிட்டால் ‘புல் அப்!’ என்று கத்துவார்கள். தெருமுனை இசையில் பாட்டை நிறுத்தி முதலிலிருந்து போடச் சொல்லும் கூப்பாடு அது. கவிஞர் சிரித்துக்கொண்டே மறுபடி தொடங்குவார். கை கட்டி மௌனமாக உட்கார்ந்திருந்தால் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொள்வார்.

கிரிக்கெட் வருமா?

வராமலா? டிரினிடாடின் பால் கீன்ஸ்-டக்ளஸ் சொல்லும் டான்டி மெர்ல் கதைகளில் ஒன்று கிரிக்கெட் மைதானத்தில் நடப்பது. டான்டி என்றால் அத்தை, சித்தி எல்லாம்தான். பெரிய கூடையைத் தூக்கிக்கொண்டு போர்ட் ஆஃப் ஸ்பெயின் ஓவலுக்கு வந்து சேரும் அந்த அம்மாவை நீங்கள் சேப்பாக்கத்திலும் பார்த்திருப்பீர்கள். பிராத்வெயிட்டும் ஒன்று சொல்கிறார்: வட்டாரத் தொனி மாறாமல் ஆங்கில வானொலியில் ஜான் ஆர்லட் செய்த கிரிக்கெட் வர்ணனை, பேச்சுக்குரலில் எத்தனை சாத்தியம் இருக்கிறது என்று தன் தலைமுறைக்குக் காட்டியதாம்.

ஆங்கிலம் பேசாத தீவுகள்?

அங்கேதான் நம் ஆட்களுக்குப் பெரிய ஆச்சரியம் காத்திருக்கிறது. கியூபாவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் ‘டெசிமா’ என்று ஒரு பா வகை. பத்து அடி, அடிக்கு எட்டு அசை, எந்த அடிகளின் முடிவு ஒன்றோடொன்று ஒலி ஒத்து வர வேண்டும் என்பதற்குக் கட்டான விதி. கூட்டத்திலிருந்து ஒருவர் கடைசி அடியை மட்டும் கொடுப்பார். கவிஞர் அந்த இடத்திலேயே ஒன்பது அடி கட்டி, கொடுத்த அடியில் கொண்டுவந்து முடிக்க வேண்டும், அதுவும் கிட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது. ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வது நம் பழைய வழக்கம்தானே? காளமேகத்தை அங்கே கொண்டுபோய் விட்டால் ராத்திரி முழுக்க இறங்க விட்டிருக்க மாட்டார்கள். இந்தப் பாக்கள் பாடப்படும் கியூபாவின் ‘புன்டோ’ மரபை 2017இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

கியூபாவின் நிக்கோலாஸ் கியேன் 1930இலேயே ‘சோன்’ என்ற மக்கள் இசையின் தாளத்தில் ஹவானாவின் கறுப்பர்கள் பேசும் பேச்சை வைத்து எழுதினார். ஹைட்டியில் கிரெயோல் 1987 அரசியல் சட்டத்தில்தான் பிரெஞ்சோடு சேர்ந்து ஆட்சிமொழி ஆயிற்று. நாட்டு மக்கள் எல்லோரும் பேசும் மொழிக்கு அந்த இடம் கிடைக்க அவ்வளவு காலம்.

அங்கே தமிழர்கள் போனார்களே, அவர்கள் சுவடு ஏதாவது கவிதையில் இருக்கிறதா?

இருக்கிறது. அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடி இந்தியாவுக்கு வந்தார்கள். 1838 மே 5 அன்று கயானாவுக்கு முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன, டிரினிடாடுக்கு 1845இல். போனவர்களில் பெரும்பாலோர் போஜ்புரி பேசும் பகுதியினர். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களை அங்கே மதராஸி என்றார்கள். கயானாவின் காளி கோயில்களில் இன்றும் தப்பு அடிக்கிறார்கள், அதன் பெயரும் தப்புதான். பிரெஞ்சுத் தீவுகளான மார்டினிக்குக்கு 1853இலும் குவாதலூப்புக்கு 1854இலும் பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து கப்பல் போனது. மொழி போய்விட்டது. ஆனால் முத்துசாமி, ராமசாமி, வீரப்பன் எல்லாம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயர்களாக இருக்கின்றன. மத்தளமும் தப்பும் கோயில்களில் இருக்கின்றன.

கயானாவின் மகாதை தாஸ் அந்தக் கப்பல்களைப் பற்றி எழுதிய கவிதையை இந்தோ-கரீபிய மாலைகளில் அடிக்கடி வாசிப்பார்கள். டேவிட் டேபிடீன் கரும்பு வெட்டுபவர்களின் கிரெயோலில் எழுதிய முதல் தொகுப்புக்கே 1984இல் காமன்வெல்த் கவிதைப் பரிசு கிடைத்தது. செயின்ட் லூசியாவின் டெரெக் வால்காட் 1992இல் நோபல் பரிசு பெற்றபோது, டிரினிடாடின் ஃபெலிசிட்டி என்ற கிராமத்தில் கரும்புக்காடுகளுக்கு நடுவே ராமாயணம் நடிப்பதைக் காணப் போன கதையிலிருந்துதான் தன் உரையைத் தொடங்கினார்.

குழந்தைகளை அழைத்துப்போகலாமா?

சாயங்கால நிகழ்ச்சி என்றால் தாராளமாக. இரவு நிகழ்ச்சிகளில் கெட்ட வார்த்தை வரும், அறிவிப்பில் வயது போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அகார்டின் கவிதை பாடமாகவே வந்திருக்கும். தனக்குச் சொல்லித்தரப்படாத வரலாறு எது என்று கேட்கும் கவிதை அது. தேர்வுக்காகப் படித்ததை ஒருவர் உடம்பு முழுக்கச் சொல்லிக் கேட்கும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

போனில் பதிவு செய்யலாமா?

கேட்டுவிட்டுச் செய்யுங்கள். திறந்த மேடையில் வேண்டவே வேண்டாம். சிலர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒன்றைச் சொல்ல அங்கே நிற்கிறார்கள்.

சாப்பாடு?

பாட்டீஸ், காரமான பொரித்த கருவாட்டு உருண்டை, சில இடங்களில் ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும். டிரினிடாட்காரர்கள் நடத்தினால் கொண்டைக்கடலை வைத்த ‘டபிள்ஸ்’. குடிக்க சோரல்: கோங்குரா செடியின் சிவந்த புல்லிதழை இஞ்சியும் கிராம்பும் போட்டு ஊறவைத்தது. ரம் கலந்ததா கலக்காததா என்று கேட்டு வாங்குங்கள்.

போவதற்கு முன் எதைக் கேட்டுவிட்டுப் போகலாம்?

மிஸ் லூ, ஜான்சன், பிரீஸ், மூவரின் குரலையும் இணையத்தில் தேடி ஒவ்வொன்று கேளுங்கள். அதுவே போதும். லண்டனில் இருப்பவர்கள் தேம்ஸ் கரையில் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலின் ஐந்தாம் மாடியில் இருக்கும் தேசியக் கவிதை நூலகத்துக்குப் போகலாம், கட்டணம் இல்லை. ஃபின்ஸ்பரி பார்க்கில் ஜான் லா ரோஸும் சாரா வைட்டும் 1966இல் தொடங்கிய நியூ பீக்கன் புத்தகக் கடையையும் பாருங்கள். இப்போது எழுதுகிறவர்களில் ரோஜர் ராபின்சன், மலிகா புக்கர், அந்தோணி ஜோசப், கெய் மில்லர் பெயர்களை எங்கே கண்டாலும் சீட்டு வாங்கிவிடுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், இரண்டாம் தடவை எழுத்தை வைத்துக்கொண்டு கேளுங்கள். முதலிலேயே எழுத்தைப் பார்த்தால் எழுத்துக்கூட்டலில் மாட்டிக்கொள்வீர்கள்.

தீவுகளுக்கே போனால் எங்கே கேட்கலாம்?

ஜமைக்காவின் ட்ரெஷர் பீச்சில் 2001இல் தொடங்கிய கலபாஷ் விழா. கடல்தான் மேடைக்குப் பின்திரை; அனுமதி இலவசம்; திறந்த மேடைக்குப் பெரிய வரிசை நிற்கும். டிரினிடாடில் 2011 முதல் போக்காஸ் விழா. போக்காஸ் என்றால் ஸ்பானிஷில் வாய்கள்; தீவுக்கு அருகே இருக்கும் கடல் நீரிணைகளின் பெயர் அது. அதையொட்டித் தேசியக் கவிதைப் போட்டியும் நடக்கிறது. கார்னிவல் சமயத்தில் போனால் ‘மிட்நைட் ராபர்’ வேஷக்காரரைத் தேடுங்கள். குடை அளவு தொப்பியும் அங்கியும் விசிலுமாக வந்து உங்களை வழிமறித்து, தான் எப்படிப்பட்ட பயங்கரமான கொள்ளைக்காரன் என்று எதுகை மோனையோடு முழங்குவார். காசு கொடுத்தால்தான் வழிவிடுவார்.

திறந்த மேடையில் தமிழ்க் கவிதை வாசிக்கலாமா?

இதைக் கேட்பவர்கள் ரொம்பத் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். தயங்காதீர்கள். வாசலில் இருக்கும் தாளில் பெயர் எழுதுங்கள், மூன்று நிமிடத்துக்குள் இருக்கட்டும். என்ன கவிதை, யார் யாரிடம் சொல்வது என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. அப்புறம் தமிழ்தான், நடுவில் மொழிபெயர்க்க நிறுத்த வேண்டாம்.

என்னோடு வந்த ஒரு அக்கா போன வருடம் தன் அம்மாச்சி பாடிய தாலாட்டைச் சொன்னார். ஆராரோ என்று தொடங்கி, மாமன் அடித்தானோ, அத்தை அடித்தாளோ என்று உறவுகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும் தாலாட்டு. இரண்டாவது சுற்றில் ‘ஆராரோ’ வந்த இடத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு ஜமைக்காப் பாட்டி சத்தமாகச் சேர்ந்துகொண்டார். மூன்றாவது சுற்றில் கூடமே சேர்ந்துகொண்டது. அக்கா முடித்துவிட்டு இறங்கப் போனார். பாட்டி கையை உயர்த்தி ‘புல் அப்!’ என்றார். அக்கா திரும்பி மைக்குக்குப் போய் முதலிலிருந்து தொடங்கினார்.